கையொப்பமிடும் கை ஓய்ந்திருக்கும்போது: நோய்க்காலத்தில் குடும்பப் பணத்தைக் காக்கும் வழிகள்

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் காத்திருக்கும் குடும்பத்தினர் எங்களிடம் முதலில் கேட்பது நோயைப் பற்றிய கேள்வியே. இரண்டாம் நாளிலோ மூன்றாம் நாளிலோ, குரலைத் தாழ்த்திக்கொண்டு, பணத்தைப் பற்றிய கேள்வியைக் கேட்கின்றனர். "அவர் பெயரில் வங்கியில் பணம் இருக்கிறது. ஆனால் எங்களால் எடுக்க முடியவில்லை. என்ன செய்வது?" என்பதே அது. வாழ்நாள் முழுவதும் சிக்கனமாகச் சேர்த்த பணம் வங்கியில் பத்திரமாக இருக்க, மனைவியின் தாலிச்சங்கிலி அடகுக்கடைக்குச் செல்வதை நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம். அக்குடும்பங்களுக்குப் பணம் இல்லாமலில்லை; உரிய நேரத்தில் அதை எடுக்கும் வழிதான் இல்லை.

சேமிப்பைப் பற்றிப் பேசும்போது எவ்வளவு வட்டி, எந்தத் திட்டம் என்பவற்றையே பெரும்பாலும் பேசுகிறோம். நோயுற்றோர் உள்ள குடும்பத்திற்கும் ஓய்வுபெற்ற முதியோர்க்கும் அதனினும் முந்திய கேள்விகள் மூன்று உண்டு. பணம் எங்கே இருக்கிறது? அதை யார் எடுக்க முடியும்? எதை முதலில் எடுப்பது, எதைக் கடைசிவரை தொடாதிருப்பது? இம்மூன்றுக்கும் விடை காண உதவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு குறிப்பேடு போதும்

முதற்பணி ஒரு சாதாரணக் குறிப்பேட்டில் குடும்பத்தின் பண விவரங்களை எழுதிவைப்பது. வங்கியின் பெயர், கிளை, கணக்கின் வகை, நிரந்தர வைப்புகளின் தொகை, முதிர்வு நாள், அஞ்சலகக் கணக்குகள், ஆயுள் காப்பீடு, மருத்துவக் காப்பீடு ஆகியவற்றின் பத்திர எண்கள், அடுத்த தவணை நாள், ஓய்வூதியக் கொடுப்பாணை எண், வீடு, நிலம் ஆகியவற்றின் பத்திரங்கள் இருக்கும் இடம், பெட்டகம் இருந்தால் அதன் சாவி இருக்கும் இடம், கொடுக்க வேண்டிய கடன், வர வேண்டிய கடன். இவ்வளவுதான். கடவுச்சொற்களையும் பணம் எடுக்கும் அட்டையின் இரகசிய எண்ணையும் இதில் எழுத வேண்டாம்.

இக்குறிப்பேடு இருப்பதைக் குடும்பத்தில் குறைந்தது இருவர் அறிந்திருக்க வேண்டும். அவர்களுள் ஒருவர் வாழ்க்கைத் துணையாக இருப்பது நலம். பல வீடுகளில் கணவர் ஒருவரே வங்கிக்குச் சென்று வருவார். மனைவி வங்கியின் படியேறியதே இருக்காது. அவர் நோயுறும் நாளில் எங்கே எவ்வளவு இருக்கிறது என்பதே தெரியாமல் போகிறது. பத்து ஆண்டுகள் எவரும் கோராத வைப்புத்தொகைகள் வங்கிகளிலிருந்து ரிசர்வ் வங்கி நிர்வகிக்கும் தனி நிதிக்கு மாற்றப்படுகின்றன. அவற்றைத் தேடிக் கண்டறிய 'உத்கம்' என்னும் இணையதளத்தை 2023இல் ரிசர்வ் வங்கி தொடங்கியது. பணம் அழிந்துபோவதில்லை, உரியவர் பின்னரும் கோரிப் பெறலாம். ஆயினும் சிகிச்சைக்குத் தேவைப்பட்ட காலத்தில் அது கைக்கு வராமல் போய்விடுகிறது.

யார் எடுக்க முடியும்?

தனியொருவர் பெயரில் உள்ள கணக்கிலிருந்து அவர் மட்டுமே பணம் எடுக்க முடியும். மனைவியாயினும் மகனாயினும் உறவுமுறை ஒன்றே அந்த உரிமையைத் தந்துவிடாது. நியமனதாரராகப் பெயர் குறிக்கப்பட்டிருப்பதும் இங்கே பயன்படாது. கணக்குதாரர் மறைந்த பின்னரே நியமனம் செயலுக்கு வரும். அவர் நோய்ப்படுக்கையில் இருக்கும்வரை அதனால் ஒரு ரூபாயும் எடுக்க இயலாது. இவ்வேறுபாட்டை அறியாமல் "நான்தானே நாமினி" என்று வங்கிக்குச் சென்று திரும்பியோர் பலர்.

எனவே, குடும்பச் செலவுக்கும் மருத்துவச் செலவுக்கும் உரிய சேமிப்புக் கணக்கையேனும் கூட்டுக் கணக்காக மாற்றிக்கொள்வது நன்று. 'இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்' என்னும் முறையில் அமைந்தால் இருவருள் எவரும் தனித்து இயக்கலாம். 'முதலாமவர் அல்லது உயிருடன் இருப்பவர்' என்னும் முறை வேறு. அதில் முதலாமவர் இருக்கும்வரை அவர் மட்டுமே இயக்க முடியும். பாஸ்புத்தகத்தில் எம்முறை பதிவாகியுள்ளது என்பதை இன்றே பார்த்துக்கொள்ளுங்கள்.

நிரந்தர வைப்பில் மற்றொரு நுட்பம் உண்டு. 'இருவரில் ஒருவர்' முறையில் வைப்பு இருந்தாலும், முதிர்வு நாளில்தான் ஒருவர் கையொப்பம் போதும். முதிர்வுக்கு முன்பே எடுப்பதற்கு இருவர் கையொப்பத்தையும் வங்கி கேட்கலாம். அவ்வாறே, ஒருவர் மறைந்த பின் மற்றவர் முதிர்வுக்கு முன் எடுக்க வேண்டுமானால் அதற்கான ஒப்புதலை இருவரும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். வைப்பைத் தொடங்கும்போதே இந்த ஒப்புதலைக் கொடுத்துவிடலாம், பின்னரும் கொடுக்கலாம். இதற்கென ஒருமுறை வங்கிக்குச் சென்று வருவது வீண் அலைச்சலன்று.

நோயாளி நினைவுடன் இருக்கிறார். ஆனால் கை நடுங்குகிறது அல்லது பக்கவாதத்தால் கையொப்பமிட இயலவில்லை. இந்நிலைக்கும் ரிசர்வ் வங்கி வழி வகுத்துள்ளது. கைப்பெருவிரல் அல்லது கால்விரல் ரேகையை வைத்துப் பணம் எடுக்கலாம். வங்கி அறிந்த இரு சாட்சிகள் அதை அடையாளம் காட்ட வேண்டும். அவர்களுள் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருக்க வேண்டும். ரேகையும் வைக்க இயலாதவர் ஓர் அடையாளக் குறியிட்டு, தமக்காகப் பணத்தைப் பெறுபவர் இன்னார் என்று வங்கிக்குத் தெரிவிக்கலாம். இதற்காக வங்கி அலுவலர் மருத்துவமனைக்கே வர வேண்டியிருக்கும். நோயாளி இங்கே சேர்க்கப்பட்டிருப்பதற்கான சான்றிதழை மருத்துவரிடம் பெற்றுக்கொண்டு, கிளை மேலாளரை அணுகி எழுத்துமூலம் கேளுங்கள்.

நோயாளிக்கு நினைவே இல்லையெனில் நிலைமை கடினமாகிறது. முன்பே எழுதிக் கொடுத்த பொது அதிகார ஆவணம் இருக்கிறது என்று பலர் நம்பியிருக்கின்றனர். அதிகாரம் அளித்தவர் சித்தசுவாதீனம் இழந்தால் அந்த அதிகாரமும் முடிவுக்கு வருகிறது என்பதே 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் விதி. மிகவும் தேவைப்படும் நாளில் அந்த ஆவணம் உதவாமல் போகக்கூடும். அத்தகைய நிலையில் குடும்பத்தினர் உயர் நீதிமன்றத்தை அணுகிக் காப்பாளராக நியமனம் பெற வேண்டியிருக்கும். நெடுங்காலம் நினைவிழந்து கிடப்போரின் மனைவியரைக் காப்பாளராகச் சென்னை உயர் நீதிமன்றம் நியமித்த தீர்ப்புகள் உள்ளன. வழி இருக்கிறது; ஆனால் அது காலத்தையும் செலவையும் கேட்கும் வழி. நினைவு தெளிவாக இருக்கும்போது இடும் ஒரு கூட்டுக் கணக்குக் கையொப்பம் அந்த அலைச்சலைத் தவிர்த்துவிடும்.

நியமனமும் உயிலும்

நியமனதாரர் பணத்தைப் பெற்றுக்கொள்பவர். அவரே அப்பணத்தின் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. வங்கி வைப்பைப் பொறுத்தவரை, அவர் சட்டப்படியான வாரிசுகளின் சார்பில் அதைப் பெறுகிறார். யாருக்கு எவ்வளவு என்பதை உயில் தீர்மானிக்கும். உயில் இல்லையெனில் வாரிசுரிமைச் சட்டம் தீர்மானிக்கும். 2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்கொன்றுக்கு நால்வர் வரை நியமிக்க முடியும். ஒவ்வொருவருக்கும் உரிய பங்கையும் குறிப்பிடலாம். திருமணத்திற்கு முன் தொடங்கிய கணக்கில் இன்றும் மறைந்த தாயாரின் பெயரே நியமனமாக இருப்பதைக் காண்கிறோம். அதை மாற்றுவதற்கு ஒரு படிவம் போதும்.

உயிலை வெள்ளைத்தாளிலும் எழுதலாம். முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவு செய்வது கட்டாயமுமன்று. எழுதியவர் கையொப்பமிட வேண்டும். இரு சாட்சிகள் கையொப்பமிட வேண்டும். உயிலால் பயன்பெறுவோர் சாட்சியாக இல்லாதிருப்பது நல்லது. நோயுற்ற நிலையில் எழுதுவோர், தாம் தெளிந்த மனநிலையில் இருப்பதாக மருத்துவரின் சான்றையும் பெற்று இணைத்துக்கொண்டால் பிற்காலத்தில் ஐயம் எழாது.

எதை முதலில் எடுப்பது?

பதற்றத்தில் கையில் கிடைப்பதை முதலில் செலவிடுவது இயல்பு. சற்று நின்று வரிசைப்படுத்திக்கொண்டால் இழப்பு குறையும்.

முதலில் பிறர் தரும் பணம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மேற்படாத குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. அரசு ஊழியர்க்கும் அரசு ஓய்வூதியர்க்கும் தனித்திட்டங்கள் உள்ளன. 70 வயது நிறைந்தவர்களுக்கு வருமான வரம்பின்றி ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரையிலான சிகிச்சைப் பாதுகாப்பை 2024 அக்டோபரில் மத்திய அரசு தன் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் சேர்த்தது. உங்களுக்கு எது பொருந்தும், எந்தச் சிகிச்சைக்குப் பொருந்தும் என்பதை மருத்துவமனையில் சேர்ந்த முதல் நாளிலேயே காப்பீட்டு உதவி மேசையில் கேட்டறியுங்கள். வீடு திரும்பும் நாளில் கேட்டால் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

தனியார் மருத்துவக் காப்பீடு வைத்திருப்போர் அறை வாடகை வரம்பைக் கட்டாயம் பார்க்க வேண்டும். நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வரம்புள்ள பத்திரத்தை வைத்துக்கொண்டு 10,000 ரூபாய் அறையில் தங்கினால், வாடகையில் மட்டுமே 5,000 குறையும் என்று எண்ணுகிறோம். பல பத்திரங்களில் மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் முதலியவையும் அதே விகிதத்தில் குறைக்கப்படும். அக்கட்டணங்கள் 1,20,000 ரூபாய் என்றால் 60,000 மட்டுமே கிடைக்கும். மீதம் குடும்பத்தின் பொறுப்பு. மருந்து, உடலினுள் பொருத்தும் கருவிகள், பரிசோதனைகள் ஆகியவற்றில் இவ்விகிதக் குறைப்புச் செய்யக்கூடாது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. கோரிக்கை மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்திற்கு எழுத்துமூலம் முறையிடுங்கள். ஒரு மாதத்திற்குள் விடை வராவிட்டாலோ, விடை நிறைவளிக்காவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

அடுத்தது சேமிப்புக் கணக்கில் உள்ள பணம். அதற்கடுத்தது நிரந்தர வைப்பு. இங்கே ஒரு கணக்கு: மூன்றாண்டுக்கு 7 விழுக்காடு வட்டியில் இட்ட 4 இலட்சம் ரூபாய் வைப்பு முதிர இன்னும் இரண்டு மாதம் உள்ளது. உங்களுக்குத் தேவை 2 இலட்சம். வைப்பை முறித்தால், வங்கி ஒரு விழுக்காடு குறைக்கும் என்று கொண்டால், 34 மாதங்களுக்கு ஏறத்தாழ 11,000 ரூபாய் இழப்பு. மாறாக, வைப்பின் பேரில் 2 இலட்சம் கடன் பெற்றால், வைப்பு வட்டியைவிட இரண்டு விழுக்காடு கூடுதலாக 9 விழுக்காடு என்று கொண்டால், இரண்டு மாத வட்டி 3,000 ரூபாய்தான்; வைப்பும் தொடர்ந்து வட்டி ஈட்டும். முதிர்வு நெருங்கியிருந்தால் கடன் நலம். முதிர்வு தொலைவில் இருந்து, கடனைத் திருப்பவும் வழியில்லையென்றால் முறிப்பதே நலம். முறிப்பதற்கு முன் இவ்விரு கணக்கையும் போட்டுத் தரும்படி வங்கியில் கேளுங்கள்.

இனி வைப்பு இடுவோர் 4 இலட்சத்தை ஒரே வைப்பாக இடாமல் ஓர் இலட்சம் வீதம் நான்காக இட்டால், தேவையானதை மட்டும் முறிக்கலாம். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்திற்கு இது மேலும் பொருந்தும். அதில் ஒரு கணக்கிலிருந்து பகுதித் தொகையை எடுக்க இயலாது; எடுத்தால் முழுக் கணக்கையும் மூட வேண்டும். ஓராண்டு கடந்து ஈராண்டுக்குள் மூடினால் வைப்பில் ஒன்றரை விழுக்காடும், ஈராண்டுக்குப் பின் மூடினால் ஒரு விழுக்காடும் பிடிக்கப்படும். எனவே ஒரே கணக்காக அன்றி இரண்டு மூன்று கணக்குகளாக வைத்திருப்பது அறிவுடைமை.

பணியில் இருப்போர் மருத்துவத் தேவைக்காக வருங்கால வைப்பு நிதியிலிருந்து முன்பணம் பெறலாம். நகைக்கடன் தேவைப்பட்டால் வங்கியையோ கூட்டுறவுச் சங்கத்தையோ நாடுங்கள். மீட்கும் நாளைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். கந்துவட்டிக்கு எவ்வளவு நெருக்கடியிலும் செல்லாதீர்கள்; அதீத வட்டி வாங்குவதைத் தடை செய்யும் தமிழ்நாட்டுச் சட்டம் 2003 முதல் நடைமுறையில் உள்ளது. குடியிருக்கும் வீடும், துணைவரின் முதுமைக்கான சேமிப்பும் வரிசையின் கடைசியில் இருக்கட்டும். அவற்றைத் தொட வேண்டிய கட்டம் வந்தால், சிகிச்சையால் எதிர்பார்க்கக்கூடிய பயன் என்ன, எவ்வளவு காலம் செலவு தொடரும் என்று மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். அப்படிக் கேட்பதனால் நோயாளியின்மேல் நீங்கள் கொண்ட அன்பு குறைந்ததாக எங்களுள் எவரும் எண்ணுவதில்லை. விடை தெரிந்தால்தான் நீங்களும் நாங்களும் சேர்ந்து திட்டமிட முடியும்.

ஓய்வுபெற்றோரின் மூன்று பங்கு

ஓய்வுக்காலத்தில் ஒரு பெருந்தொகை கைக்கு வரும்போது அதை மூன்று பங்காகப் பிரித்துப் பார்ப்பது எளிது.

முதற்பங்கு ஓராண்டு வீட்டுச் செலவும் ஒரு மருத்துவமனைச் செலவுக்கான தொகையும். இது சேமிப்புக் கணக்கிலும் குறுகியகால வைப்பிலும், உடனே எடுக்கும் நிலையில் இருக்க வேண்டும். இப்பங்குக்கு வட்டியைப் பற்றிக் கவலை வேண்டாம்.

இரண்டாம் பங்கு தவறாது வருமானம் தருவது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 60 வயது நிறைந்தவர் 30 இலட்சம் ரூபாய் வரை இடலாம், காலம் ஐந்தாண்டு, வட்டி காலாண்டுதோறும் வரும். 8.2 விழுக்காடு வட்டியில் 15 இலட்சம் இட்டவருக்குக் காலாண்டுக்கு 30,750 ரூபாய் கிடைக்கும். வட்டிவிகிதத்தை அரசு காலாண்டுதோறும் அறிவிக்கும்; நீங்கள் கணக்குத் தொடங்கிய நாளின் விகிதமே உங்களுக்கு ஐந்தாண்டும் நிலைக்கும். அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் தனியாக 9 இலட்சமும் கூட்டாக 15 இலட்சமும் இடலாம். வங்கி வைப்புகளைப் பொறுத்தவரை, ஒரு வங்கியில் ஒருவருக்கு வட்டியும் சேர்த்து 5 இலட்சம் ரூபாய் வரைதான் வைப்புக் காப்பீடு உண்டு என்பதை நினைவிற்கொண்டு பிரித்து வையுங்கள்.

மூன்றாம் பங்கு விலைவாசியை எதிர்கொள்வதற்கு. ஆண்டுக்கு 6 விழுக்காடு விலை உயர்ந்தால், இன்று மாதம் 30,000 ரூபாயில் நடக்கும் குடும்பத்திற்குப் பன்னிரண்டு ஆண்டுகளில் 60,000 தேவைப்படும். ஏழெட்டு ஆண்டுகளுக்குத் தேவைப்படாத ஒரு சிறு பகுதியைப் பங்குச்சந்தை சார்ந்த பரஸ்பர நிதியில் இடுவதை இதற்காகவே சிலர் தேர்கின்றனர். அதன் மதிப்பு ஏறும், இறங்கும். வீட்டில் தொடர் சிகிச்சை நடந்துகொண்டிருந்தால் இப்பங்கைத் தவிர்ப்பதில் தவறில்லை. நெடுங்காலம் தவணை கட்ட வேண்டிய புதிய சேமிப்புக் காப்பீடுகளையும் அக்காலத்தில் வாங்க வேண்டாம்.

மாதம் மூன்று விழுக்காடு, ஐந்து விழுக்காடு தருவதாகச் சொல்வோரை நம்ப வேண்டாம். மாதம் மூன்று விழுக்காடு என்பது ஆண்டுக்கு 36 விழுக்காடு. நேர்மையான எத்தொழிலும் அதை உறுதியளித்துத் தர இயலாது. ஏமாந்த முதலீட்டாளர்களுக்காகவே தமிழ்நாட்டில் 1997இல் தனிச்சட்டம் இயற்ற நேர்ந்தது. சிகிச்சைச் செலவால் குறைந்த சேமிப்பை விரைவில் ஈடுகட்டும் ஆவலே இவர்களிடம் நம்மைக் கொண்டு சேர்க்கிறது. தொலைபேசியில் மிரட்டிப் பணம் பறிப்போரிடம் சிக்கினால் உடனே 1930 என்னும் எண்ணை அழையுங்கள்.

ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று அளிக்க வேண்டும். நோய்ப்படுக்கையில் இருப்பவரை வங்கிக்குத் தூக்கிச் செல்ல வேண்டியதில்லை. 'ஜீவன் பிரமாண்' முறையில் கைப்பேசியின் முன் முகத்தைக் காட்டியே சான்று அளிக்கலாம். அஞ்சல்காரர் வீட்டிற்கே வந்து பதிவு செய்யும் வசதியும் உண்டு.

பேசுவதற்கு உரிய நேரம்

பணத்தைப் பற்றிப் பேசினால் நோயாளி மனம் வருந்துவார், நம்பிக்கை இழந்துவிட்டோம் என்று எண்ணுவார் எனக் குடும்பத்தினர் அஞ்சுகின்றனர். நாங்கள் கண்டவரை, நோயாளிகள் பலர் இப்பேச்சுக்காகக் காத்திருக்கின்றனர். தமக்குப்பின் துணைவர் எவரிடமும் கையேந்தக் கூடாது என்னும் கவலையே அவர்களை இரவில் உறங்கவிடாமல் செய்கிறது. "அப்பா, ஒருவேளை நீங்கள் சில நாள் வங்கிக்குப் போக முடியாவிட்டால் அம்மாவுக்குச் சிரமம் இல்லாமல் ஒழுங்கு செய்துவிடலாமா?" என்று தொடங்கிப் பாருங்கள்.

இந்த வாரம் மூன்று செயல்களைச் செய்தால் போதும். குறிப்பேட்டின் முதற்பக்கத்தை எழுதுங்கள். ஒரு சேமிப்புக் கணக்கையேனும் கூட்டுக் கணக்காக மாற்றுங்கள். எல்லாக் கணக்குகளிலும் நியமனம் யார் பெயரில் உள்ளது என்று பாருங்கள். இவற்றுக்குச் செல்வம் வேண்டியதில்லை; தெளிந்த நினைவும் கையொப்பமிடும் கையும் இருந்தால் போதும். அவை இரண்டும் இருக்கும்போதே செய்துவிடுங்கள். மருத்துவமனைக்கு வரும் நாளில், நோயாளியின் அருகில் அமர்ந்து அவர் கையைப் பற்றிக்கொண்டிருக்க உங்களுக்கு நேரம் கிடைக்கும்.